“பனி உறுதி” என்று விற்கப்படும் ஏப்ரல் பேக்கேஜ்கள்: ஓர் எச்சரிக்கை

வசந்த விடுமுறையில் பிள்ளைகளை ஸ்கீ விளையாட அழைத்துச் செல்ல எண்ணி, “ஏப்ரல் இறுதி வரை பனி உறுதி” என்ற விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுவிஸ் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் அப்படியொரு பேக்கேஜை வாங்கி, தங்குமிடம், லிஃப்ட் அட்டை, ஸ்கீ வாடகை, சிறுவர் பயிற்சி என எல்லாவற்றுக்கும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தினோம். அங்கே கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. விற்ற நிறுவனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்க்கிறேன். இதே பாணியில் விற்பவர்கள் வேறும் இருக்கிறார்கள்.

இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகள் பாடசாலை ஸ்கீ முகாமுக்குப் போய் இந்த விளையாட்டில் ஆசை கொண்டுவிடுகிறார்கள். பெப்ரவரி விளையாட்டு விடுமுறையில் நான்கு பேர் கொண்ட குடும்பம் மலைக்குப் போவதென்றால் செலவு கையைக் கடிக்கும். சூரிச் மாநிலத்தின் வசந்த விடுமுறை பெரும்பாலும் ஏப்ரலின் பிற்பகுதியில் வருகிறது. அப்போது விடுதிகள் விலையைக் குறைப்பதால் நம்மவர்களின் கண் அந்தப் பக்கம் போகிறது. விற்பவர்களுக்கும் அது தெரியும்.

விளம்பரத்தில் இருந்த எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். மலையுச்சி 2,200 மீற்றர் என்றிருந்தது. உச்சி அந்த உயரந்தான். பனியின் ஆழம் 120 சென்ரிமீற்றர் என்றிருந்தது. அது உச்சிக்கு அருகே, வடக்கு நோக்கிய சரிவில், காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும் இடத்தில் அளந்த ஆழம். இணையக் கமராவும் அந்தச் சரிவையே காட்டிக்கொண்டிருந்தது. ஊர் 1,100 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதையோ, தொடக்கநிலையினருக்கான சரிவு ஊரை ஒட்டித் தெற்குப் பார்த்து இருக்கிறது என்பதையோ யாரும் எழுதவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது அந்தச் சரிவில் புல் முளைத்திருந்தது. சிறுவர்களை மேலே ஏற்றிச் செல்லும் நகரும் பட்டையைச் சுருட்டித் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் இயந்திரம் தூவிய பனி அழுக்கேறிய ஒரு கீற்றாக நடுவில் மிஞ்சியிருக்க, அதன் விளிம்பிலேயே ஊதா நிறக் குரோக்கஸ் பூக்கள் எட்டிப் பார்த்தன. பயிற்சிப் பள்ளி முந்திய ஞாயிறோடு பருவத்தை முடித்துக்கொண்டிருந்தது. ஆனால் பயிற்சிக்கான பணத்தை எங்களிடமிருந்து ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கோடு இணைக்கும் லிஃப்ட் நின்றுபோனதால், விளம்பரம் பெருமையாகச் சொன்ன மொத்தப் பாதை நீளத்தின் பெரும்பகுதி எங்களுக்கு எட்டாததாகிவிட்டது. ஊருக்கு இறங்கும் பாதையும் மூடப்பட்டிருந்தது. ஆகவே காலையில் கேபிள் காரில் ஏறி, மேலே இயங்கிய இரண்டு லிஃப்ட்களைச் சுற்றிச் சுற்றி வந்து, பனி நனைந்த சீனியைப் போலாகி ஸ்கீயைப் பிடித்து இழுக்கத் தொடங்கும் மதியத்தில், மற்ற எல்லோருடனும் வரிசையில் நின்று அதே கேபிள் காரில் இறங்க வேண்டியதாயிற்று. லிஃப்ட் அட்டையின் விலை மட்டும் பெப்ரவரி விலையாகவே இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிபந்தனைத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் பகுதியில் ஏதாவது ஒரு லிஃப்டாவது இயங்கினால் “பனி உறுதி” நிறைவேறியதாகக் கருதப்படும் என்றும், எதுவுமே இயங்காவிட்டால் லிஃப்ட் அட்டையின் பெறுமதிக்கு மட்டும் அடுத்த பருவத்துக்கான வவுச்சர் வழங்கப்படும் என்றும் அங்கே எழுதியிருந்தது. விடுதிக் கட்டணத்தைப் பற்றியோ பயிற்சியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவரை நான் குறைசொல்ல மாட்டேன், சம்பளத்துக்கு நிற்பவர் அவர். அந்த வரியை எழுதியவர் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறார்.

ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் வானில் ஏறும் உயரம், ஓகஸ்ட் கடைசியில் அது ஏறும் உயரத்துக்குச் சமம். தெற்குச் சரிவில் அந்த வெயிலைத் தாங்கும் பனி மிகக் குறைவு. ஏறத்தாழ ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் 0.6 பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் குறைவதால், 1,100 மீற்றர் ஊருக்கும் 2,200 மீற்றர் உச்சிக்கும் இடையே ஆறு, ஏழு பாகை வித்தியாசம் இருக்கும். மேலே பனி இருப்பது கீழே இருப்பதற்குச் சாட்சி ஆகாது. பனி தூவும் இயந்திரங்களுக்கும் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழான, உலர்ந்த குளிர் வேண்டும். ஏப்ரலில் தாழ்வான ஊர்களில் அது அரிதாகவே கிடைக்கும். ஆகவே உச்சியின் உயரத்தைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்யாதீர்கள். நீங்கள் உண்மையில் சறுக்கப்போகும் சரிவின் அடி எத்தனை மீற்றரில் இருக்கிறது, அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பவைதான் முதலில் தெரியவேண்டியவை.

இந்த அளவுகோலில் தேறும் இடங்கள் இல்லாமல் இல்லை. சாஸ்-ஃபே ஊரே 1,800 மீற்றரில் இருக்கிறது. பாதைகள் பனியாற்றின் மீது ஏறக்குறைய 3,600 மீற்றர் வரை போகின்றன. செர்மாட்டில் 3,883 மீற்றர் நிலையம் வரை கேபிள் கார் செல்கிறது. அங்குள்ள பனியாற்றில் கோடையிலும் சறுக்குகிறார்கள். எங்கெல்பெர்க் ஊர் ஏறத்தாழ 1,000 மீற்றரில்தான் இருக்கிறது என்றாலும், அதற்கு மேலேயுள்ள டிட்லிஸ் பனியாற்றில் வழக்கமாக மே மாதத்திலும் ஸ்கீ உண்டு. ஊர் வரை சறுக்கி இறங்கலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எல்லை கடக்கத் தயாரென்றால் ஒஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், பிரான்சில் 2,300 மீற்றரில் உள்ள வால் தொரான்ஸ் ஆகியவையும் இருக்கின்றன. உயரத்துக்கும் ஒரு விலை உண்டு: காற்று பலமானால் மேல் நிலையங்கள் மூடப்படும், முகில் இறங்கினால் எதுவும் தெரியாது. 2025இல் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வியாழனன்று, ஏப்ரல் 17ஆம் திகதி, கடும் பனிப்பொழிவால் செர்மாட்டுக்கான போக்குவரத்தே துண்டிக்கப்பட்டது.

பணம் செலுத்துவதற்கு முன், நீங்கள் போகும் வாரத்தில் எந்தெந்த லிஃப்ட்கள் இயங்கும், பயிற்சிப் பள்ளி எந்தத் திகதியோடு மூடும், தொடக்கநிலைச் சரிவு எங்கே இருக்கிறது என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் இனிக்க இனிக்கச் சொல்வது பின்னர் எதற்கும் உதவாது. பல மலைகளில் ரவுண்ட்ஷாட் சுழற்கமராக்கள் உள்ளன. அவற்றில் பழைய படங்களையும் திகதி வாரியாகப் பார்க்க முடியும் என்பதால், சென்ற ஆண்டு அதே வாரத்தில் ஊரின் சரிவு எந்த நிறத்தில் இருந்தது என்பதை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். பனி அறிக்கையில் உச்சிக்கும் பள்ளத்தாக்குக்கும் தனித்தனி எண்கள் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கியதைப் பதினான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்மவர்களில் சிலர் நம்புகிறார்கள். சுவிசில் இணையக் கொள்வனவுக்கு அப்படியொரு பொது உரிமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் குறித்த திகதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அது பொருந்தாது. ஆனால் தங்குமிடத்தையும் பிற சேவைகளையும் சேர்த்து ஒரே விலையில் விற்றால், 1993ஆம் ஆண்டின் சுவிஸ் பேக்கேஜ் பயணச் சட்டம் துணைக்கு வரக்கூடும். விளம்பரப் பிரசுரத்தில் சொன்னது விற்றவரைக் கட்டுப்படுத்தும் என்பது அதன் விதிகளில் ஒன்று. குறையைக் கண்டவுடன் அந்த இடத்திலிருந்தே, இயன்றவரை எழுத்தில், சேவை வழங்குபவருக்கும் பேக்கேஜை விற்றவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆகவே மூடிய லிஃப்ட்டையும் புல் சரிவையும் படமெடுத்து அன்றே அனுப்புங்கள். அதன் பிறகும் மசியாவிட்டால், சுவிஸ் பயணத் துறைக்கென்று இருக்கும் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

நாங்கள் எழுதியதற்குப் பதிலாக அந்த நிறுவனம் வவுச்சர் ஒன்றை அனுப்பியது. அதனுடன் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப ஒரு படிவமும் வந்தது. இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்ற வசனம் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. இரண்டையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பி, பயிற்சிக் கட்டணத்தைப் பணமாகவே கேட்டிருக்கிறோம். உங்களுக்கும் அத்தகைய படிவம் வந்தால், அந்த வசனத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.