ஃபலாஃபல்: டின்னா, ஊறவைத்ததா, பாக்கெட் மாவா?

ஜெர்மனியில் படிக்கப் போன முதல் குளிர்காலத்தில் நான் செய்த ஃபலாஃபல், அதாவது அரபு நாடுகளின் கொண்டைக்கடலை வடை, எண்ணெயில் கரைந்துபோனது. உருண்டையாகத்தான் போட்டேன். அரை நிமிடத்தில் ஓரமெல்லாம் நுரைத்தது. கரண்டியால் திருப்பப் போனால் திருப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. டின்னில் அடைத்த வெந்த கொண்டைக்கடலையை அரைத்ததுதான் தப்பு. மசால் வடைக்குப் பருப்பை வேகவைத்து அரைப்பவர்கள் யாராவது உண்டா? சின்ன வயதிலிருந்து வடை தின்று வளர்ந்தவனுக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

அதன்பின் விடுதியின் பொதுச் சமையலறையில் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்துவிட்டேன். மாணவன் கையில் இருப்பது கொஞ்சம் பணமும் கொஞ்சம் நேரமும்தான். எந்த வழி எதை மிச்சப்படுத்துகிறது என்பதுதான் கணக்கு.

முதலில் டின். 400 கிராம் என்று போட்டிருக்கும். நீரை வடித்தால் கடலை 240 கிராம்தான் தேறும். அதே சமயம் அரைக் கிலோ உலர்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊறவைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் வருகிறது. அதாவது, நாலு டின்னுக்கும் மேல். நான் வாங்கும் துருக்கிக் கடையில் அந்த அரைக் கிலோ, இரண்டு டின் விலைக்குள் கிடைக்கிறது. விலையை விட்டாலும் டின்னுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெந்த கடலையின் மாவுச்சத்து ஏற்கெனவே நீரைக் குடித்து உப்பிவிட்டது. எண்ணெயில் விழுந்தபின் சேர்த்துப் பிடிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. பச்சையாக ஊறிய கடலையில் அந்த மாவுச்சத்து சூட்டில்தான் வேகிறது. வேகும்போதே உருண்டையைக் கட்டிப் பிடிக்கிறது. டின்னை விடவே முடியாது என்பவர்கள், கடலையைத் துணியில் ஒற்றி எடுத்து, மூன்று மேசைக்கரண்டி மைதாவோ கடலை மாவோ கலந்து, தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டுக்கொள்ளலாம். நன்றாகவே இருக்கும். கட்லெட் மாதிரி இருக்கும்.

ஊறவைத்த கடலைக்குத்தான் என் ஓட்டு. அதில் தொல்லை ஒன்றே ஒன்று: நாளைக்குப் பசிக்கும் என்று இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது 12 மணி நேரம், கடலையைப் போல மூன்று மடங்கு தண்ணீர். 250 கிராம் கடலைக்கு ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, பார்ஸ்லியும் கொத்தமல்லியும் ஒவ்வொரு கைப்பிடி, சீரகத் தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித் தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு. அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. பதம் மசால் வடையைவிடச் சற்று நைசாக, ஈர ரவையைப் போல இருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கட்டிக்கொள்ள வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். நைசாகிப்போனால் உள்ளே பிசுபிசுக்கும், கரகரப்பாகவே விட்டால் எண்ணெயில் சிதறும். மிக்ஸியை ஒரே மூச்சில் ஓடவிடாமல் விட்டுவிட்டு ஓட்டி, நடுநடுவே ஓரத்தை வழித்துவிடுங்கள். அரைத்ததை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பொரிக்கும் முன்பு அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலக்க வேண்டும். இருபதுக்கு மேல் உருண்டை வரும். பாதியைத் தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டுவிட்டால் அடுத்த வாரத்துக்கும் ஆயிற்று.

பாக்கெட் மாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் வைத்தால் போதும். பச்சை இலையின் வாசனை இருக்காது, உப்பு தூக்கலாக இருக்கும். தேர்வு வாரத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதிகம் பேசப்படாத போட்டியாளர் ஒன்று உண்டு. எகிப்தில் இந்தப் பண்டத்துக்குத் தாமியா என்று பெயர்; அங்கே கொண்டைக்கடலை சேர்ப்பதில்லை, தோல் நீக்கி உடைத்த ஃபாவா பீன்ஸைத்தான் ஊறவைத்து அரைக்கிறார்கள். அரபுக் கடைகளில் உலர்ந்த பருப்பாகக் கிடைக்கும். தட்டையாகத் தட்டி, மேலே எள் தூவிப் பொரிப்பார்கள். பிட்டுப் பார்த்தால் இலையின் பச்சை உள்ளேயெல்லாம் இறங்கியிருக்கும். கொண்டைக்கடலையைவிட மெத்தென்று இருக்கும். ருசியில் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் எல்லா ஊரிலும் அரபுக் கடை இருக்காது. ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்கள் ஃபாவா பக்கமே போகக் கூடாது.

இனி நம் ஆள். கடலைப் பருப்பும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் ஒரே செடியினத்தின் இரு வகைகள். சின்னக் கறுப்புக் கடலையைத் தோல் நீக்கி உடைத்தால் நம் கடலைப் பருப்பு. எனவே ஊறவைக்க மறந்த ஒரு நாள் அதையே மூன்று மணி நேரம் ஊறவைத்து, பார்ஸ்லியும் சீரகமும் போட்டு அரைத்துப் பொரித்தேன். மொறுமொறுவென்று வந்தது. பக்கத்து அறைச் சிரியா நண்பன் இரண்டு தின்றுவிட்டு, “நன்றாக இருக்கிறது, இதற்குப் பெயர் என்ன?” என்று கேட்டான். தீர்ப்பு அதிலேயே இருந்தது. அவசரத்துக்குக் கைகொடுக்கும், ஃபலாஃபல் என்று மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொரிப்பதா, ஓவனா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தால் எண்ணெய் மிச்சம். ஆனால் தொண்டையில் நின்று தண்ணீர் கேட்கும் உருண்டை கிடைக்கும். எண்ணெய் வீணாகும் என்று பயப்படுபவர்கள் பெரிய வாணலியை விட்டுவிட்டு, பால் காய்ச்சும் சின்னப் பாத்திரத்தில் மூன்று விரல் உயரத்துக்கு எண்ணெய் விட்டு, நாலு நாலாகப் போட்டு எடுக்கட்டும். கிள்ளிப் போட்ட மாவு உடனே குமிழிட்டு மேலே வந்தால் சூடு சரி. புகை வரும்வரை காயவிட்டால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். விடுதியில் புகை எச்சரிக்கைக் கருவி அலறி, மூன்று மாடியும் வாசலில் போய் நிற்கும். நான் நின்றிருக்கிறேன், கையில் கரண்டியோடு.

தொட்டுக்கொள்ள தஹினி என்ற எள் விழுதை வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். கெட்டித் தயிரில் பூண்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து, கையிருப்பில் எள் இருந்தால் வறுத்துப் பொடித்துத் தூவிக்கொள்கிறேன். சிரியா நண்பன் இதற்கும் பெயர் கேட்டான்.