பச்சைப் புடவையில் பேசும் அந்தப் பெண் நான்தான்

யூடியூபில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சைப் புடவை கட்டிய பெண் ஒருத்தி வேப்ப மரத்தடியில் நின்று, "ஒன்பது வருஷமாப் போட்ட தைராய்டு மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டேனுங்க" என்று சிரிப்பாள். அது நான்தான். அதை நம்பி ஈரோட்டுப் பக்கம் இருக்கிற அந்த இயற்கை வைத்தியக் குடிலுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற கோளாறு. தினமும் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை, அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அலுத்துப்போயிருந்தேன். நாத்தனார் அந்தக் குடிலுக்குப் போய் வந்து மூட்டுவலி குறைந்தது என்றார். 14 நாள் முகாம், தங்கல் சாப்பாடு எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். போனேன்.

முதல் நாளே மாத்திரை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "ரசாயனம் உள்ள போற வரைக்கும் சுரப்பி தூங்கிட்டேதான் இருக்கும்" என்றார் நடத்துகிறவர். கழுத்தில் மண் பட்டை, இடுப்புக் குளியல், வாழையிலைக் குளியல், விடிந்ததும் ஒரு டம்ளர் பச்சை முட்டைக்கோஸ் சாறு. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. நாலு கிலோ இறங்கியது. போன் இல்லை, சமையல் இல்லை, ஒன்பது மணிக்குத் தூக்கம். குடும்பப் பெண்ணுக்கு அதுவே பாதி வைத்தியம். கடைசி நாள் கேமராவை நீட்டினார்கள், பேசிவிட்டேன்.

தைராக்ஸின் உடம்பை விட்டுச் சட்டென்று போகாது, பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீடியோவில் நான் சிரித்ததே பழைய மாத்திரையின் மிச்சத்தில்தான்.

கிளம்பும்போது மூன்று டப்பா கொடுத்தார்கள், 4,200 ரூபாய். கடல்பாசிப் பொடி, ஏதோ மூலிகைச் சூரணம், முடி கொட்டாமலிருக்க கேப்சூல். அயோடின் உப்பு விஷம், இந்துப்புக்கு மாறுங்கள் என்று வகுப்பெடுத்தவர்களேதான் அயோடின் வேண்டுமென்று கடல்பாசியை விற்றார்கள். எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சில வாரத்தில் ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் எனக்குக் குளிர். ஃபேனை அணைக்கச் சொல்லி மகனோடு தினமும் சண்டை. மோதிரம் விரலில் இறுகிவிட்டது. குரல் கரகரத்து, கேஸ் புக் பண்ணப் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்றார்கள். குடிலுக்கு எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்: "கழிவு வெளியேறுதுங்கக்கா, பயப்படாதீங்க."

ஆறாவது வாரம் லேபில் பார்த்தேன். தைராய்டு மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன் டிஎஸ்எச். அது 3.9. நார்மல்! ரிப்போர்ட்டை என் பெயரோடு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கொண்டாடினார்கள். நானோ பாத்ரூமில் வாளி நிறைவதற்குள் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் இழுத்துப் போனார். அவர் ரிப்போர்ட்டைவிட அந்தக் கேப்சூல் டப்பாவைத்தான் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்தது பயோட்டின் என்கிற வைட்டமின், 10 மில்லிகிராம். "டெஸ்ட் அன்னைக்குக் காலையில இதைப் போட்டீங்களா?" போட்டிருந்தேன். பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகளில் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுமாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இலேயே எச்சரித்த விஷயம். மூன்று நாள் அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 58. நாலு, நாலரையைத் தாண்டக் கூடாதது! கடல்பாசியையும் கையோடு நிறுத்தச் சொன்னார். ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின்தான். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அளவு மீறினால் அதுவே சுரப்பியை இன்னும் முடக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்களுக்கு நம்பிக்கை பத்தலீங்க" என்றார்கள். ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: "நன்கொடை". சுவரில் மாட்டியிருந்த சான்றிதழும் தபால்வழி டிப்ளமோ என்று பிறகு தெரிந்தது. இயற்கை மருத்துவத்தையே திட்டவில்லை. அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் அதைப் படித்துவிட்டு வருகிறார்கள். அந்தப் படிப்புக்கான பிஎன்ஒய்எஸ் பட்டமும் பதிவெண்ணும் உண்டா என்று கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அங்கே கற்றுக்கொண்ட மூச்சுப்பயிற்சியை இன்றும் செய்கிறேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டு.

இப்போது டிஎஸ்எச் 6.1. குரல் திரும்பிவிட்டது. நாத்தனார்தான் பேசுவதில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டும் எடுக்கவில்லை. அதன் கீழே ஒரு பெண், "அக்கா, நான் நாலு மாசம் முழுகாம இருக்கேன், நானும் மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறாள். நான் எழுதிய பதிலை அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், அதுவும் போய்விட்டது. தங்கச்சி, நீ இதைப் பார்த்தால்: நிறுத்தாதே. கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் சொல்வார்கள். நாளைக்கே உன் டாக்டரைப் போய்ப் பார்.