பனிக்கு ஏழு பேர் வண்டி: பழைய வேனா, பழைய எஸ்யூவியா?

குழந்தை இருக்கை இரண்டை மாட்டிவிட்டால் ஐந்து பேர் காரில் பெரியவர்களுக்கு இடம் இருக்காது. வீட்டில் அப்பா அம்மாவும் இருந்தால் மூன்றாவது வரிசை வேண்டும். அதோடு வருடத்தில் நான்கைந்து மாதம் பனியும், அதை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பும் சேர்ந்துகொண்டால், பழைய வண்டி தேடுவது கொஞ்சம் சிக்கலான வேலைதான்.

நாங்கள் எடுத்தது டொயோட்டா சியன்னா மினிவேன். 2011 முதல் 2020 வரை வந்த தலைமுறை, ஃப்ரன்ட் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் இழுக்கும் வகை. அதற்கு எதிரே வைத்துப் பார்த்தவை டொயோட்டா ஹைலேண்டர், ஹோண்டா பைலட், ஹோண்டா ஒடிசி, பிறகு அதே சியன்னாவின் ஆல் வீல் டிரைவ் வகை. ஒரு தொகையை முடிவு செய்து, அதற்குள் வருவதை மட்டும் பார்த்தோம். கீழே சொல்வது எல்லாமே "அதே பணத்துக்கு எது" என்ற கணக்கில்தான்.

"பனிக்கு எஸ்யூவிதான், வேன் சறுக்கும்" என்று கேட்டவர் எல்லாரும் சொன்னார்கள். அதில் பாதிதான் உண்மை.

இடவசதியை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 2014–2019 ஹைலேண்டரில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் மிஞ்சுவது சுமார் 390 லிட்டர் இடம். சியன்னாவில் அதே நிலையில் சுமார் 1,100 லிட்டர். ஏழு பேர் ஏறிய பிறகு ஸ்ட்ரோலரையும் பையையும் எங்கே வைப்பது என்ற கேள்வி ஹைலேண்டரில் தினமும் வரும், சியன்னாவில் வராது. முழங்கால் வலி உள்ளவருக்குத் தாழ்வான படியும் அகலமான ஸ்லைடிங் கதவும் எவ்வளவு நிம்மதி என்பதை விளக்க வேண்டியதில்லை. குளிரில் இன்னொரு வசதியும் உண்டு. தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையை இருக்கையில் கட்டக் கூடாது, பெல்ட் இறுக்கமாகப் பிடிக்காது. வேனில் நாமும் உள்ளே ஏறிக் கதவை மூடிவிட்டு, காற்று படாமல் ஜாக்கெட்டைக் கழற்றி, நிதானமாகக் கட்டலாம். எஸ்யூவியில் முதுகு வெளியே பனியில் நிற்கும்.

எஞ்சின் விஷயத்தில் இரண்டு டொயோட்டாவும் சமம். அந்த வருடங்களின் சியன்னா, ஹைலேண்டர் இரண்டின் வி6 (ஆறு சிலிண்டர்) வகையிலும் இருப்பது ஒரே குடும்பத்து 3.5 லிட்டர் எஞ்சின். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது ரப்பர் பெல்ட் அல்ல, டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆகவே "ஹைலேண்டர் நம்பகமானது" என்று அதற்குக் கூடுதல் விலை சொன்னால், அந்தக் கூடுதல் பணம் எஞ்சினுக்குப் போகவில்லை, உருவத்துக்குப் போகிறது.

அடுத்தது ஆல் வீல் டிரைவ். எஞ்சினின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போனால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதும் ஏற்றம் ஏறுவதும் எளிது. ஆனால் பிரேக் போடும்போது எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக். பனியில் நிற்பதற்கும் திரும்புவதற்கும் கை கொடுப்பது டயரின் ரப்பர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், ஆல் சீசன் டயரும் பிடியை இழந்துகொண்டே வரும். விண்டர் டயரின் கலவை அப்போதும் மென்மையாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம் ப்ளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருளில்லை. ஃப்ரன்ட் வீல் டிரைவ் வேனில் எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் நான்கு நல்ல விண்டர் டயர் மாட்டினால், பனி வாரும் வண்டி போய்வரும் தெருக்களில் எங்களுக்குக் குறை தெரிந்ததில்லை. தேய்ந்த ஆல் சீசன் டயரோடு வரும் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி சுலபமாகக் கிளம்பும். சிக்னலில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

இதுவரை சொன்னவற்றை வைத்து மட்டும் முடிவெடுத்திருந்தால் நான் சில மாதம் ஊசலாடியிருப்பேன். முடிவை உறுதி செய்தது துரு.

பழைய வண்டி என்றதும் எல்லாரும் முதலில் ஓடோமீட்டரைப் பார்க்கிறார்கள். உப்புப் போடும் சாலைகளில் ஓடிய வண்டிக்கு அந்த எண் இரண்டாம்பட்சம். அது எத்தனை குளிர்காலம் உப்பில் நனைந்தது என்பதை முதலில் எண்ண வேண்டும். பல கிலோமீட்டர் ஓடிய ஆறு வயது வண்டியை, குறைவாக ஓடிய பன்னிரண்டு வயது வண்டியைவிட நான் நம்புவேன். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசல்களைத் தெளிப்பார்கள். இவை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்பவை. மூலைமுடுக்கில் ஒட்டினால் அந்த இடம் சீக்கிரம் காயாது. கடும் குளிரில் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். பனி உருகும் நாட்களிலும், நனைந்த வண்டியைக் கதகதப்பான கராஜுக்குள் நிறுத்தும்போதும் வேகம் எடுக்கும். "எப்போதும் கராஜில் நின்ற வண்டி" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வது மேல் பெயின்டுக்கு நல்லது, அடிப்பக்கத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

எஞ்சின் நல்ல பெயர் எடுத்தது என்பதால் துரு விட்டுவிடாது. 1998 முதல் 2010 வரையான சியன்னாக்களை, உப்புப் போடும் குளிர்ப் பகுதிகளில் இருந்தவற்றை, 2010-இல் டொயோட்டாவே திரும்ப அழைத்தது. வண்டிக்கு அடியில் ஸ்டெப்னியைத் தாங்கும் கேபிள் அரித்து, டயர் சாலையில் விழும் அபாயம் இருந்தது. அதே நிறுவனத்தின் மூன்று வரிசை எஸ்யூவியான சிகோயாவின் 2005–2008 வண்டிகளும், டகோமா, டண்ட்ரா பிக்கப்களும் சேசிஸ் துருவுக்காக வழக்கில் மாட்டி, 2016-இல் சமரசம் ஆனது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய எஞ்சின், அரித்துப்போன சேசிஸின் மேல் உட்கார்ந்திருந்தால் என்ன பயன்?

வேன் எனக்கு ஜெயித்தது இந்த இடத்தில்தான். நாங்கள் தேடிய இடத்தில் எஸ்யூவிக்குக் கிராக்கி அதிகம், விலை மெதுவாக இறங்கும். மினிவேன் வேகமாக இறங்கும். நாங்கள் பார்த்தவரை, ஒரே தொகைக்கு ஹைலேண்டரைவிட இரண்டு மூன்று வயது இளைய சியன்னா கிடைத்தது. அந்த இரண்டு மூன்று வயது என்பது இரண்டு மூன்று உப்புக் காலம். அடியில் ஓடும் பிரேக் லைனுக்கும் (பிரேக் எண்ணெய்க் குழாய்), எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃபிரேமுக்கும் அந்த வித்தியாசம் பெரியது.

ஆல் வீல் டிரைவ் வகையில் அடியில் பாகங்களும் கூடுகின்றன. பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் கேஸ், நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல், அவற்றின் சீல்களும் பிராக்கெட்டுகளும், மாற்ற வேண்டிய ஆயில்களும். எல்லாமே உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில். துருப்பிடித்த வண்டியில் பாகத்தின் விலையைவிட, இறுகிப்போன போல்ட்டைச் சூடாக்கி, அது உடைந்து, துளைத்து எடுக்கிற கூலிதான் கையைக் கடிக்கும். டயரிலும் ஒரு சங்கடம் உண்டு. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதால், ஒன்று கிழிந்தால் சில சமயம் நான்கையும் மாற்ற நேரிடும்.

அதே தலைமுறை சியன்னாவின் ஆல் வீல் டிரைவை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்சக்கரத்துக்கான பாகங்கள் ஸ்டெப்னியின் இடத்தை எடுத்துக்கொண்டதால், அது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன் ஃபிளாட் டயரோடு வந்தது, ஸ்டெப்னி கிடையாது. ரன் ஃபிளாட் விலை அதிகம், அதில் விண்டர் வகை தேடுவது இன்னும் கஷ்டம். குழந்தைகளோடு மைனஸ் இருபதில் சாலையோரம் நிற்க வேண்டி வந்தால் பின்னால் ஒரு ஸ்டெப்னி இருப்பதையே நான் விரும்புவேன்.

எதை வாங்கினாலும், வண்டியைத் தூக்கி அடியைப் பார்க்கும் பட்டறை லிப்டில் ஏற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களுக்குப் பார்த்துக்கொடுத்த மெக்கானிக் கையில் விளக்கும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும்தான் வைத்திருந்தார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் உடல் விளிம்பை (சில்) தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. ஒரு வண்டியில் பின்சக்கரத்துக்கு முன்னால் வந்ததும் சத்தம் மந்தமாகி, செதில் செதிலாகக் கொட்டியது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. அந்த வண்டியை அங்கேயே விட்டோம்.

அவர் பார்த்த மற்ற இடங்கள்: பிரேக் லைன் கிளிப்புக்குள் நுழையும் புள்ளிகள், பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்து, ஜாக்கி வைக்கும் விளிம்பு, பின் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடம். மூன்று வரிசை வண்டிகளில் பின் ஹீட்டருக்கும் ஏசிக்கும் போகும் குழாய்கள் பெரும்பாலும் அடியில்தான் ஓடும், இந்த விஷயத்தில் வேனுக்கும் எஸ்யூவிக்கும் வித்தியாசம் இல்லை. அவை அரித்து ஒழுகினால் செலவு சின்னதல்ல. மேலோட்டமான செம்மண் நிறத் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், உப்பு நாட்டில் அது இல்லாத வண்டி அரிது. அடுக்கடுக்காக உரிந்தால்தான் ஆபத்து. விற்பதற்குச் சற்று முன்னால் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, குளிருக்கு முன், எண்ணெய் வகைத் துருத்தடுப்பு அடிக்கிறோம். ரப்பர் போலக் கெட்டியாகும் பூச்சை நான் தவிர்க்கிறேன். அதில் விரிசல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிடும். எந்தப் பூச்சானாலும் கதவிலும் சில்லிலும் உள்ள வடிகால் துளைகள் அடைபடக் கூடாது. பனி உருகும் நாட்களில் அடிப்பக்கம் கழுவுவதையும் விடுவதில்லை.

ஹோண்டாக்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒடிசி ஓட்ட இனிமையான வேன், சியன்னாவைவிடச் சாலையைப் பிடித்துப் போகும். ஆனால் ஒடிசி, பைலட் இரண்டின் வி6-லும் டைமிங் பெல்ட். ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர் அல்லது ஏழு ஆண்டில், வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றுவது வழக்கம். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஆகவே மாற்றிய ரசீது இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பாதி சிலிண்டர்களை நிறுத்தி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு சில 2008–2013 ஒடிசிகளிலும் 2009–2013 பைலட்களிலும் எண்ணெய் குடித்து, பிளக்கை அழுக்காக்கி, வழக்குவரை போனது. ஹோண்டா அந்தக் கோளாறுக்கு வாரண்டியை நீட்டித்தது. பைலட்டை நான் சோதனை ஓட்டத்தில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். பெட்டி போன்ற அதன் பழைய உருவத்தில் மூன்றாவது வரிசை ஹைலேண்டரைவிடத் தாராளமாகத் தெரிந்தது.

சியன்னாவிலும் குளிர்காலத் தொல்லை உண்டு. ஸ்லைடிங் கதவின் கீழ்த் தண்டவாளத்தில் சேறும் பனியும் சேர்ந்து உறைந்தால் மின்கதவு பாதியில் நின்று திரும்பிப் போகும். ரப்பர் ஓரங்களில் சிலிக்கான் தடவி, தண்டவாளத்தைத் துடைத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. 2011–2016 வண்டிகளின் மின்கதவு ஓடும்போது திறந்துகொள்ளக்கூடும் என்று 2016-இல் ஒரு ரீகால் வந்தது. வாங்கும் முன் வண்டியின் சேசிஸ் எண்ணைக் (VIN) கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

எஸ்யூவி ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. வீட்டுக்குச் செங்குத்தான பாதை, பனி வாரும் வண்டி மதியம்தான் எட்டிப்பார்க்கும் கிராமத்துச் சாலை, விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்றால், ஹைலேண்டரின் சுமார் 20 செ.மீ. தரை இடைவெளி முன் சியன்னாவின் 16 செ.மீ. போதாது. அடி தட்டி, பனியை முன்னால் தள்ளிக்கொண்டு போய் வேன் நின்றுவிடும். அந்த நிலையில் இருப்பவர் எஸ்யூவியையே எடுக்கட்டும், அதிலும் விண்டர் டயர் போடட்டும். அத்தகைய சாலையில் வாழ்ந்த அனுபவம் எனக்குக் குறைவு, அங்கே இருப்பவர் சொல்வதை என் சொல்லைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 2021 முதல் வரும் சியன்னாவும் பழைய வண்டியாகக் கிடைக்கிறது. அது ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. அதன் ஆல் வீல் டிரைவில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை, பின்சக்கரங்களைத் தனி மோட்டார் சுழற்றுகிறது. இரவல் வாங்கிச் சிறிது தூரம் ஓட்டியதற்கு மேல் எனக்கு அதில் பழக்கமில்லை. பின்சக்கரத்துக்கு இதே போலத் தனி மோட்டார் உள்ள டொயோட்டாவின் சிறிய எஸ்யூவியான 2019–2021 ஆர்ஏவி4 ஹைபிரிட் சிலவற்றில் பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு உப்பால் அரித்தது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன். அடுத்த வண்டி மாற்றும்போது ஹைபிரிட்டைப் பார்க்கப் போனால், லிப்டில் ஏறியதும் அந்த இணைப்பைத்தான் முதலில் காட்டச் சொல்வேன்.