லிப்கர்ல் கம்பைல்: த்ரெட்டா, சி-ஏரஸா?

இணையத்திலிருந்து தரவை எடுக்கவும் அனுப்பவும் புரோகிராம்கள் பயன்படுத்தும் லைப்ரரி லிப்கர்ல். அதன் சோர்ஸை இறக்கி, கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால், கடைசியில் நீளமாக ஒரு பட்டியல் திரையில் ஓடும். எஸ்எஸ்எல் வந்திருக்கிறதா, எச்டிடிபி 2 வந்திருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்போம். நடுவில் ‘ரிசால்வர்’ என்று ஒரு வரி இருக்கும். சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலை யாருடையது என்று சொல்கிற வரி அது. விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்: சாதாரண ரிசால்வர், த்ரெட் ரிசால்வர், சி-ஏரஸ்.

சாதாரண ரிசால்வரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிஸ்டத்தின் கெட்-அட்ரின்ஃபோ ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை புரோகிராம் அப்படியே நிற்கும். லினக்ஸில் ஜிலிப்சியின் (சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரி) வழக்கம், ஒரு நேம்சர்வருக்கு, அதாவது பெயருக்கு முகவரி சொல்லும் சர்வருக்கு, 5 விநாடி, மொத்தம் 2 சுற்று. நேம்சர்வர்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இருக்கும் இரண்டு நேம்சர்வர்களும் செத்துக் கிடந்தால் 20 விநாடி போச்சு. பல டவுன்லோடுகளை ஒரே த்ரெட்டில் நடத்தும் லிப்கர்லின் மல்டி இன்டர்ஃபேஸில் ஒரே நேரத்தில் ஐம்பது டவுன்லோட் ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு பெயருக்காக ஐம்பதும் நிற்கும். இதற்கு டைம்அவுட் வைக்க லிப்கர்ல் அலாரம் சிக்னலை நம்பியிருக்கிறது. பல த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) உள்ள புரோகிராமில் அது ஆபத்து. சரி, நோ-சிக்னல் ஆப்ஷனைப் போடுவோம் என்றால், பெயர் தேடும் நேரத்தில் டைம்அவுட்டே வேலை செய்யாது. த்ரெட்டே இல்லாத குட்டிக் கருவிகளுக்கு வேண்டுமானால் இது போதும்.

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

த்ரெட் ரிசால்வர் செய்வது ரொம்ப எளிமையான காரியம். அதே கெட்-அட்ரின்ஃபோவைத் தனி த்ரெட்டில் ஓடவிட்டு, மெயின் த்ரெட் தன் வேலையைப் பார்க்கிறது. பித்ரெட் என்ற த்ரெட் லைப்ரரி இருக்கும் சிஸ்டத்தில் இன்று கான்ஃபிகர் தானாகவே இதைத்தான் எடுத்துக்கொள்ளும். சி-ஏரஸ் வேறு ஜாதி. எம்ஐடியில் கிரெக் ஹட்சன் எழுதிய ஏரஸ் லைப்ரரியிலிருந்து, கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பர்க் பிரித்து வளர்த்தது. சிஸ்டத்தின் ஃபங்ஷனைக் கூப்பிடாமல், தானே சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) திறந்து டிஎன்எஸ் சர்வரிடம், அதாவது நேம்சர்வரிடம், பேசும். த்ரெட் தேவையில்லை. வேண்டாம் என்றால் பாதியில் நிறுத்தலாம். எந்த நேம்சர்வரைக் கேட்பது, எந்த இன்டர்ஃபேஸ் வழியாகக் கேட்பது என்றுகூட ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனியாகச் சொல்லலாம். கான்ஃபிகரில் ‘எனேபிள்-ஏரஸ்’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும்போது சி-ஏரஸ்தான் ஜெயிக்கும் போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒருமுறை சி-ஏரஸோடு கம்பைல் செய்து எடுத்துப் போய், ஓர் அலுவலகத்தில் சோதனை மெஷினோடு இணைக்கப் பார்த்தேன். அதன் பெயர் ‘லோக்கல்’ என்று முடியும். பிங் அடித்தால் பதில் வருகிறது. கர்ல் மட்டும் பிழை எண் 6, அதாவது பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. ஃபயர்வாலைச் சந்தேகித்து, பிராக்ஸியைச் சந்தேகித்து, அரை நாள் ஓடிவிட்டது. விஷயம் என்னவென்றால், அந்தப் பெயர் எந்த நேம்சர்வரிலும் கிடையாது. உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள மெஷின்களையே கேட்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் வழியாக, பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் குறித்திருந்த ஒரு மாட்யூல்தான் அதைக் கண்டுபிடித்துத் தருகிறது. கெட்-அட்ரின்ஃபோ அந்த மாட்யூல்களை ஏற்றும், சி-ஏரஸ் ஏற்றாது. சி-ஏரஸ் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படிக்கும், டிஎன்எஸ்ஸைக் கேட்கும், அதோடு சரி.

நோட்.ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) எழுதுகிறவர்கள் இதே பிளவைத் தெரியாமலே தாண்டியிருப்பார்கள். அதில் டிஎன்எஸ் லுக்-அப் என்பது அதன் உள்ளிருக்கும் லிப்யூவி லைப்ரரியின் த்ரெட் பூலில் (தயாராக வைத்திருக்கும் த்ரெட்களின் தொகுப்பு) ஓடும் கெட்-அட்ரின்ஃபோ. டிஎன்எஸ் ரிசால்வ் என்பது சி-ஏரஸ். ஒரே மெஷினில் ஒரே பெயருக்கு இரண்டும் வேறு வேறு பதில் தரக்கூடும். அந்த பூலில் இயல்பாக இருப்பவை 4 த்ரெட்கள்தான், அதையும் கோப்பு வேலைகளோடு பங்குபோட வேண்டும்.

த்ரெட் பக்கமும் வலி உண்டு. தொடங்கிவிட்ட கெட்-அட்ரின்ஃபோவை நடுவில் நிறுத்த வழியில்லை. பயனர் ரத்து செய்தாலும், லிப்கர்ல் ஹேண்டிலை (ஒரு டவுன்லோடுக்காகத் திறந்த பிடி) மூடும்போது அந்த த்ரெட் முடியும்வரை லிப்கர்ல் காத்திருக்கலாம். மூடுகிற பட்டனை அழுத்தினால் புரோகிராம் உறைந்து நிற்பதாக வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். 7.87.0 பதிப்பில் வந்த குயிக்-எக்ஸிட் ஆப்ஷன், எப்படியும் புரோகிராமே முடியப் போகிறது என்ற நிலையில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும். இன்னொன்று, ஆயிரக்கணக்கான வெவ்வேறு தளங்களை ஒரே நேரத்தில் துழாவும் கிராலர் என்றால், தேடலுக்கு ஒரு த்ரெட் என்ற கணக்கு கட்டுப்படியாகாது. அங்கே சி-ஏரஸ்தான். ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக லிங்க் செய்து, அதாவது புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து, கட்டுகிறவர்களுக்கும் அதே பதில்: கெட்-அட்ரின்ஃபோ இருந்தால், ஓடும் இடத்தில் அதே பதிப்பு ஜிலிப்சி வேண்டும் என்று லிங்கரே எச்சரிக்கும். ஆண்ட்ராய்டில் நிலைமை தலைகீழ். அங்கே ரிசால்வ்.கான்ஃபே கிடையாது, சி-ஏரஸுக்கு நேம்சர்வரைக் காட்டிக்கொடுக்க ஜாவா பக்கம் போய்த் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தத் தலைவலிக்கு த்ரெட்டே மேல்.

பெயர் தேடலை எச்டிடிபிஎஸ் வழியாக ஒரு சர்வரிடம் கேட்கும் டிஎன்எஸ்-ஓவர்-எச்டிடிபிஎஸ் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 7.62.0 முதல் லிப்கர்லில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சர்வரின் பெயரை முதலில் கண்டுபிடிக்க இவர்களில் ஒருவர்தான் வர வேண்டும்.

மற்றவர்களின் கணினியில் ஓடப்போகும் புரோகிராம் என்றால் நான் த்ரெட்டைத்தான் எடுப்பேன். அங்கே விபிஎன் இருக்குமா, பெயர்களை அலுவலக டைரக்டரியில் வைத்திருக்கும் எல்டாப் இருக்குமா என்று நமக்கு எப்படித் தெரியும்? சர்வரும் நெட்வொர்க்கும் நம் கையில் இருந்தால் சி-ஏரஸ்.

கம்பைல் ஆனதும் ‘கர்ல்’ கட்டளையைப் பெரிய ‘வி’ ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். ‘அசிங்க்-டிஎன்எஸ்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம், இரண்டு வகைக்கும் அது வரும். முதல் வரியில் சி-ஏரஸின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பில்டில் ‘டிஎன்எஸ்-சர்வர்ஸ்’ ஆப்ஷனைக் கொடுத்தால், அந்த வசதி கம்பைல் செய்யும்போதே சேர்க்கப்படவில்லை என்று பிழை எண் 4 வரும்.