சீலிங் கறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்ன ஏஜெண்டு

அம்மாவின் வீட்டை விற்பதற்காக ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போய் வந்தேன். கிராண்ட், அதாவது வீட்டுப் பத்திரம், அம்மா பெயரில் சுத்தமாக இருந்தது. நிலவரி, வீட்டு வரி, இண்டா வாட்டரின் கழிவுநீர்க் கட்டணம் எதிலும் பாக்கி இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே சீலிங்கில் இருந்த கறையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கறை தெரியும். முன்பக்கம் ஓட்டுக் கூரை. பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டும்போது தகரம் போடுவோம். ஓடும் தகரமும் சேருமிடத்தில் சிமெண்டு வெடித்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். எங்கள் வீட்டில் அது தே தண்ணி சிந்திக் காய்ந்தது போல வளையம் வளையமாகப் பழுப்பேறி, நடுவில் பலகை தொங்கிப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

ஏஜெண்டு, பதிவு பெற்ற வீட்டுத் தரகர் என்று காட்டும் ஆர்.இ.என். அட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது. "அக்கா, முன்னால இருக்கிற சாமி மேடைய எடுத்திடுங்க, எல்லா இனத்து ஆளுங்களும் பார்க்க வருவாங்க. சீலிங்குக்கு நான் ஆள் அனுப்புறேன். வெள்ளை அடிச்சா ஒன்னும் தெரியாது." கூரையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "அத வாங்குறவங்க பார்த்துக்குவாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் விக்கிறாங்க."

அவர் அனுப்பிய பெயிண்டர் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வந்தார். மறுநாள் வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. வந்த அன்று கறையின் மேல் நேராக எமல்ஷனை உருட்டிவிட்டுப் போயிருந்தார். அடியில் கறையை அடைக்கும் பூச்சான சீலர் இல்லை. சீலர் அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் பழுப்பு அந்தப் பெயிண்டின் ஈரத்திலேயே கரைந்து மேலே ஏறி வந்துவிடும். கூரையும் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். நம் ஊர்ச் சாயங்கால மழை கொட்டியது, வளையம் மறுபடி தெரிந்தது. அதுவும் ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்து நின்ற நேரத்தில்! அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார், தன் கணவரைப் பார்த்தார். "யோசிச்சு சொல்றோம்" என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது.

மெல்பர்னில் வீடு விற்பதென்றால் வாடகைக்கு சோபா, மேசை எல்லாம் கொண்டுவந்து போட்டு, சனிக்கிழமை அரைமணி நேரம் கதவைத் திறந்து வைப்பார்கள். அந்த ஜோடனை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஆனால் வாங்குகிறவர் கட்டடத்தையும் கரையானையும் சோதிக்கத் தனியாக ஆள் வைப்பது அங்கே வழக்கம். முக்கியமான குறையைத் தெரிந்தே மறைத்து விற்றால் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் குற்றம். 2020 மார்ச்சில் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். நம் ஊரில் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. வங்கியின் மதிப்பீட்டாளர் வருவது கடனுக்காக விலையைக் கணிக்க, ஒழுகலைத் தேட அல்ல. அப்படியென்றால் இந்த வெள்ளையடிப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் யார்?

எங்களைப் போன்றவர்கள்தான். ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கிடந்தவர் என் தாத்தா. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், பால் வெட்டிய காசில் தவணை கட்டிப் பங்கு வாங்கினார். அப்பா 1996இல் தொழிலாளர் சேமநிதிப் (இ.பி.எஃப்.) பணத்தை எடுத்து இந்த வீட்டை வாங்கினார். ஒழுகுகிற கூரையை இன்னொரு தோட்டத்துப் பிள்ளையின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. "அந்தக் காசு நமக்கு ஒட்டாது" என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு அத்தை சொல்லி, தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னார், ஏழு அடிக்கும் முன்னால் கேட்டில் நின்றார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பழகிய தலைமுறை அது. தொங்கிய பலகையைக் கழற்றி டார்ச் அடித்து, "இங்க பாரு தாயி" என்று காட்டினார். ஒழுகிய இடம் கறைக்கு மேலே இல்லை. நாலடி தள்ளி இறங்கிய தண்ணீர் கட்டை வழியாக ஓடிவந்து அங்கே சொட்டியிருக்கிறது. கூரை மடிப்பில் மாவிலை மக்கி அடைத்துக் கிடந்ததைக் கையாலேயே அள்ளி வாளியில் போட்டார். வெடித்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, புதுத் தகரத்தை வளைத்து ஓட்டுக்கு அடியில் செருகிப் பூசினார். சிமெண்டு நன்றாக இறுகிய பிறகு மறுபடி வந்து, என்னை மேலே குழாயில் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு, அவர் கீழே அந்தக் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். கை நனையவில்லை. அதற்குப் பிறகுதான் புதுப் பலகை, சீலர், பெயிண்ட். சாமானும் கூலியும் சேர்த்து 450 மலேசிய வெள்ளி. மெல்பர்னில் கூரையை வந்து பார்ப்பதற்கே அதைவிட அதிகம் கேட்பார்கள்.

சாமி மேடையை எடுக்கவில்லை. கழுவி, புது வண்ணம் பூசி அங்கேயே வைத்தோம். அடுத்து வீடு பார்க்க வந்த பையனின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அங்கேதான் நின்றார். அவரும் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூரை எங்கே ஒழுகியது, எப்படி அடைத்தோம் என்று போனில் படங்களைக் காட்டினேன். விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டு விக்கிறீங்க, அது போதும்மா" என்றார். விலையில் 10 விழுக்காடு முன்பணத்தில் 3 விழுக்காடு வந்துவிட்டது. மீதி 7 விழுக்காட்டை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தருவார்கள். சேமநிதியில் வீடு வாங்க எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கிலிருந்தும் எடுக்கப் போவதாகப் பையன் சொன்னான்.

ஏஜெண்டு கமிஷன் சட்டப்படி 3 விழுக்காடு வரை போகலாம். அவர் அதையே முழுதாகக் கேட்டிருக்கிறார். பெயிண்டருக்கு நாங்கள் கொடுத்த காசை அதில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.