ஜப்பான் புல்லட் ரயில்: ஏழு நாள் பாஸா, தனி டிக்கெட்டா?

ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் என்கிற, நாடு முழுவதும் செல்லும் ஏழு நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபர் 1-ஆம் தேதி 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்குப் போனது. அதற்கு முன்பு டோக்கியோ–கியோட்டோ போய்வர ஆகும் செலவும் பாஸ் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் யோசிக்காமல் வாங்கலாம். அந்தக் காலத்து வீடியோக்கள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கிளம்பும் குடும்பங்கள் பல, விசா வந்த கையோடு பாஸையும் வாங்கிவிடுகின்றன. எங்கள் வீட்டில் தனி டிக்கெட்டோடு, நாட்டின் ஒரு பகுதிக்குள் மட்டும் செல்லும் வட்டாரப் பாஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். முதல் தடவை போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் லாபம் என்பது என் கருத்து.

முதலில் கணக்கு. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி எனும் புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கை, சாதாரண நாளில் 14,170 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா சுமார் 11,500. ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ திரும்ப 19,760. மூன்றையும் கூட்டினால் 45,500-க்குள் அடங்குகிறது. ஒரே வாரத்தில் ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் பாஸின் 50,000-ஐத் தொடவில்லை. இவை அந்த உயர்வுக்குப் பிறகு இருந்த கட்டணங்கள். அவ்வப்போது ஏறும் என்பதால் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸில் இன்னொரு குறையும் உண்டு. அந்தத் தடத்தில் அடிக்கடி ஓடுவதும் வேகமானதும் நொசோமிதான். டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாக்காவுக்கு இரண்டரை மணி நேரத்தில் போய்விடும். பாஸ் வைத்திருப்பவர் அதில் ஏற வேண்டுமென்றால் கியோட்டோ வரை தனியாக 4,960 யென் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மணிக்கு இரண்டே இரண்டு ஓடும் ஹிகாரி என்ற புல்லட் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். தவிர, பாஸின் ஏழு நாளும் தொடர்ச்சியான ஏழு நாள். டோக்கியோவில் மெட்ரோவிலேயே சுற்றும் நாட்களும் அதில் கழிந்துபோகும்.

பாஸ் எப்போது ஜெயிக்கும்? டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகாவின் ஹகாதா வரை ஒரு வழிக்கே 23,000 யென்னுக்கு மேல் ஆகிறது. அங்கே போய்த் திரும்பி, நடுவில் இரண்டு ஊர் இறங்கி ஏறுகிறவர்கள், அதுவும் ஒரே வாரத்துக்குள், தாராளமாக வாங்கலாம். வடக்கே ஹொக்கைடோ வரை போகிறவர்களுக்கும் கணக்கு அப்படித்தான் வரும் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கம் அனுபவம் இல்லாததால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

இனி, பணம் உண்மையில் மிச்சமாகும் இடத்துக்கு வருகிறேன். ரயில் செலவு ரயில் நிலையத்தில் தீர்மானமாவதில்லை. விமான டிக்கெட் எடுக்கும் அன்றே அது முடிவாகிவிடுகிறது. டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலிருந்தே திரும்புகிற மாதிரி டிக்கெட் போட்டால், கியோட்டோ, ஒசாக்கா பார்த்த பிறகு விமானத்தைப் பிடிப்பதற்காகவே திரும்பவும் 500 கிலோமீட்டர் ரயிலேற வேண்டும். ஆளுக்கு 14,000 யென்னும் அரை நாளும் அதிலேயே போகும். டோக்கியோவில் இறங்கி, ஒசாக்காவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் அந்தப் பயணமே தேவையில்லை.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்) இரண்டரை மணி நேரம் அளவு. இரண்டு இடத்திலிருந்தும் சிங்கப்பூருக்கு விமானம் உண்டு, நெடும்பாசேரியிலிருந்து கோலாலம்பூருக்கும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் டோக்கியோ, ஒசாக்கா இரண்டுக்கும் நேரடியாகப் போகலாம். மலிவு விமான நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை வைப்பதால், இறங்கும் ஊரும் ஏறும் ஊரும் வேறாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. முழுச்சேவை நிறுவனமென்றால் அதன் தளத்தில் ‘மல்டி சிட்டி’ என்ற இடத்தில் தேட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு வழி டிக்கெட் இரண்டைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, விலை எகிறுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே டிக்கெட்டாகப் போட்டால்தான் அந்த நிறுவனங்களில் போகவர விலை கிடைக்கும், பெட்டியும் கடைசி ஊர் வரை போய்ச் சேரும். நூறு யென் 55–60 ரூபாய் என்று வைத்தால் 14,000 யென் ஏறக்குறைய 8,000 ரூபாய். மல்டி சிட்டி டிக்கெட் ஆளுக்கு 8,000 ரூபாய்க்குள் கூடுதலாக இருக்கும்வரை உங்களுக்கு நஷ்டமில்லை, அரை நாளும் மிச்சம். விசாவுக்குக் கொடுக்கும் பயண அட்டவணையிலும் கன்சாயிலிருந்து கிளம்புவதாகவே எழுதுங்கள்.

அடுத்து வட்டாரப் பாஸ். மேற்கு ஜே.ஆர். என்ற ரயில் கம்பெனி விற்கும் கன்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ் ஐந்து நாளுக்கு, அதே 2023 உயர்வுக்குப் பின், 17,000 யென். ஷின்-ஒசாக்கா–ஹிரோஷிமா புல்லட் ரயில் போய்வரவே 20,000-க்கு மேல் ஆகும். ஆக அந்த ஒரு பயணத்திலேயே பாஸ் விலை வந்துவிடுகிறது. இதில் நொசோமிக்குத் தனிக் காசு கிடையாது. மியாஜிமா தீவுக்கு ஜே.ஆர். படகும், கன்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா ரயிலும் இதிலேயே அடங்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாக்காவுக்கும் நடுவே புல்லட் ரயில் வேறு கம்பெனியுடையது, அங்கே இந்தப் பாஸ் செல்லாது. கியோட்டோவில் தங்கியிருந்தால் ‘ஷின்-கைசொகு’ எனும் விரைவு ரயிலில் ஷின்-ஒசாக்கா வந்து, அங்கே புல்லட் ரயில் ஏறுங்கள். அரை மணிகூட ஆகாது, பாஸே போதும். இது தெரியாமல் கியோட்டோவிலேயே நொசோமி ஏறினால் அந்தத் துண்டுக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவார்கள்.

ஆக, நொசோமி ஒரு வழி 14,170, வட்டாரப் பாஸ் 17,000, மொத்தம் 31,170 யென். ஏழு நாள் பாஸைவிட ஆளுக்கு 18,830 யென் குறைவு. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ரயிலில் பாதிக் கட்டணம். அதற்கும் சின்னவர்கள் மடியில் உட்கார்ந்தால் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தை வரை.

நொசோமி டிக்கெட்டை ‘ஸ்மார்ட் இ.எக்ஸ்’ செயலியில் எடுக்கலாம். பதிவுக்குக் காசில்லை, ரயில் கிளம்பும்வரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் கார்டுகளில் வெளிநாட்டு, ஆன்லைன் பரிவர்த்தனை முடக்கியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு, ஓ.டி.பி. வரும் சிம் கையில் இருக்கும்போதே, அதாவது ஊரிலேயே, பதிவை முடித்துவிடுங்கள். ‘ஹயாதொகு’ என்ற முன்கூட்டிய சலுகை அந்தச் செயலியிலேயே இருக்கிறது, ஆனால் பண்டிகை நாட்களில் கிடைக்காது. ‘புராத்தோ கொதாமா’ இன்னும் மலிவு. ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் ரயில், முந்தின நாளுக்குள் வாங்க வேண்டும், தவறவிட்டால் அடுத்த ரயிலில் ஏற முடியாது. இரவுப் பேருந்து எல்லாவற்றிலும் மலிவுதான். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நிலைய மெஷினில் காகித டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு சீட்டு வரும்: ஒன்று தூரக் கட்டணம், மற்றொன்று அதிவேகக் கட்டணம். நுழைவாயில் மெஷினில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தே நுழைக்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். மறுபக்கம் வெளிவரும் சீட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், இறங்குமிடத்தில் கேட்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டி இருந்தால், ரயில் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையைப் பதிய வேண்டும். அதற்குத் தனிக் காசில்லை, பதியாமல் ஏறினால்தான் 1,000 யென்.

கேரளப் பள்ளி விடுமுறையான ஏப்ரல்–மே மாதத்தில் போகிறவர்கள் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான ‘கோல்டன் வீக்’ என்ற ஜப்பானிய விடுமுறை வாரத்தைத் தவிருங்கள். அந்த நாட்களையொட்டி நொசோமி முழுக்க முன்பதிவு ரயிலாகிவிடும், சலுகைகளும் இல்லை. ஆகஸ்ட் நடுவில் ஒபோன் பண்டிகையின்போதும் இதே கதை. ஓணம் விடுமுறை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ விழும் வருடங்களில் இந்தத் தொல்லை வராது. நெரிசல் நாளில்தான் போயாக வேண்டுமென்றால், பயணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, நமக்கு 6.30-க்கு, பதிவு திறக்கும்போதே இருக்கையைப் பிடித்துவிடுங்கள்.