ஸ்குரு பல்லா, பிரிட்ஜா, பல்செட்டா: அக்கட்டயும் இக்கட்டயும் விசாரிச்ச கதை

பொங்க நோம்பிக்கு சுட்ட முறுக்கைக் கடிச்சதுல என்ற கீழ் கடைவாய்ப் பல்லு நெடுக்கா பொளந்துடுச்சுங்க. முறுக்கு மேல பழி போட முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால ரூட் கெனால் பண்ணிட்டு கேப் போட்டுக்கங்கன்னு டாக்டர் சொன்னதை, தேங்கா வெல ஏறட்டும் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டே வந்தவன் நானு. வேர் வரைக்கும் பொளந்ததால காப்பாத்த முடியாதுன்னு பிடுங்கியாச்சு. அந்த ஓட்டைக்கு என்ன பண்றதுன்னு பொள்ளாச்சில ரெண்டு பேரு, கோயமுத்தூர்ல ஒருத்தரு, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பாலக்காட்டுல ஒருத்தருன்னு நாலு டாக்டரைப் பாத்தேன். நாலு பேரும் நாலு ரேட்டு சொன்னாங்க. ஊட்டுக்கு வந்த ஒரம்பரைங்க சொன்ன யோசனை தனிக் கணக்கு.

எங்கிட்ட சொன்ன ரேட்டு இதுதான், உங்க ஊர்ல மாறும். கழட்டி மாட்டற ஒத்தப் பல்லுக்கு 2,500. பிரிட்ஜுன்னா மூணு பல்லு சேத்து, உள்ள மெட்டல் வச்ச செராமிக்ல 12,000, ஜிர்கோனியாங்கற கெட்டியான செராமிக்ல 24,000. இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புல டைட்டானிய ஸ்குரு வச்சு அது மேல கேப் மாட்டறது, நம்மாளுங்க ஸ்குரு பல்லுங்கறது, பாலக்காட்டுல கொரியா கம்பெனி 28,000, பொள்ளாச்சில அதே கம்பெனி 32,000, கோயமுத்தூர்ல சுவிஸ் கம்பெனி 55,000. பாத்தவொடனே மனசு எங்க போகும், 12,000த்துக்குத்தான் போகும். எனக்கும் போச்சு.

மொதல்ல ஒண்ணு. ஒண்ணுமே வைக்காம விடறதும் ஒரு வழிதான், இதை யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, ஏன்னா அதுல பில்லு இல்ல. வரிசைல கடைசிப் பல்லு போயிருந்தா, மத்ததுல நல்லா மெல்ல முடிஞ்சா, சும்மா விட்டவங்க நெறயப் பேரு நல்லாத்தான் இருக்காங்க. ஆனா என்னுது நடுப் பல்லு, டாக்டருங்க கணக்குல 46ம் நம்பர், மெல்லற பாரத்தை நெம்ப தாங்கற எடம். அதை அப்படியே விட்டா பின்னாடி இருக்கற பல்லு முன்னால சாயும், மேல இருக்கற பல்லு கடிக்க ஆள் இல்லாம கீழ எறங்கும், நாலஞ்சு வருஷம் கழிச்சு பல்லு வைக்கலாம்னு போனா வைக்கறதுக்கு எடமே இருக்காது. என்ற பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு.

அடுத்தது கழட்டி மாட்டறது. இதுக்கு எங்க மாமன்தான் சாட்சி. கொழிஞ்சாம்பாறைல இருக்காரு, ரேஷன் கார்டு கேரளா. அங்க அரசாங்கத்துல மந்தஹாசம்னு ஒரு திட்டம் இருக்குதுங்க, 60 வயசு தாண்டின, வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கற பெரியவங்களுக்கு பல்செட்டு இலவசமா வச்சுத் தர்றாங்க. மாமன் அதுல மேலயும் கீழயும் முழு செட்டு வாங்கிட்டாரு, அவங்க பாஷைல வெப்புப்பல்லு. மேல் செட்டு மேலண்ணத்துல ஒட்டிப் பிடிச்சுக்குது, நல்லாவே இருக்குது. கீழ் செட்டுதான் வம்பு. கீழ ஒட்டிப் பிடிக்க பெருசா எடம் கெடையாது, நாக்கு வேற தள்ளிகிட்டே இருக்கும், வருஷம் ஆக ஆக எலும்பு கரைஞ்சு இன்னும் லூசாகும். சோறு திங்கறப்ப மாமன் அதைக் கழட்டி சட்டப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு, அப்புறம் எதுக்கு அதுன்னு கேட்டா, "கல்யாணத்துக்குப் போறப்ப சிரிக்க வேண்டாமா மாப்ள"ங்கறாரு.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு நடுவாப்புல ஒரு வழி இருக்குது. கீழ் தாடைல ரெண்டே ரெண்டு இம்ப்ளான்ட் போட்டு, அதுல சட்டைக்கு பட்டன் மாட்டற மாதிரி செட்டை மாட்டிக்கறது. 2002ல கனடால மெக்கில் பல்கலைக்கழகத்துல நிபுணர்கள் கூடி, கீழ் தாடைல ஒரு பல்லும் இல்லாதவங்களுக்கு வெறும் செட்டை விட இந்த ரெண்டு இம்ப்ளான்ட் வச்ச செட்டுதான் மொத வைத்தியமா இருக்கணும்னு சொல்லிருக்காங்க. மாமன்கிட்ட சொன்னேன். "அந்தக் காசுக்குக் கறவ மாடு ஒண்ணு பிடிச்சுருவேன்"னுட்டாரு. அவரு கணக்கு அவருக்கு.

சரி, என்ற விஷயத்துக்கு வர்றேன். பிரிட்ஜா இம்ப்ளான்டாங்கறதுதான் நெசமான சண்டை, இதுல கேக்க வேண்டியது போன பல்லைப் பத்தி இல்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பல்லைப் பத்திங்க. நாலு டாக்டர்ல ஒரே ஒருத்தருதான் ரேட்டு சொல்றதுக்கு முன்னால கண்ணாடியக் கையில குடுத்து இதைக் காட்டினாரு. பிரிட்ஜுன்னா ரெண்டு பக்கத்துப் பல்லையும் சுத்திச் செதுக்கி, கட்டையாக்கி, அது மேல மூணு பல்லு சேந்தாப்புல ஒரே துண்டா ஒட்டறது. செதுக்கின எனாமல் திரும்ப வளராது. உள்ள சொத்தை புடிச்சா வெளிய தெரியாது, ரெண்டு தூண்ல ஒண்ணு போனா மொத்தப் பாலமும் போச்சு, அப்ப ஒரு பல்லுக்குப் பண்ணின செலவு மூணு பல்லுக்கு ஆயிரும். நடுவுல தொங்கற பல்லுக்கு அடில எலும்பும் மெதுவா கரையும்.

இதக் கேட்டுட்டு பிரிட்ஜே மோசம்னு நெனச்சுராதீங்க. பக்கத்துப் பல்லு ரெண்டும் ஏற்கனவே ரூட் கெனால் பண்ணி கேப் போட வேண்டிய நெலமைல இருந்தா பிரிட்ஜுதான் புத்திசாலித்தனம், ஒரே செலவுல மூணு வேலை. ரெண்டு வாரத்துல முடிஞ்சுரும், கத்தி வைக்கற வேலை இல்ல. நல்லாப் பாத்துகிட்டா 10, 15 வருஷம் சாதாரணமா ஓடுது. எனக்கு என்ன சங்கடம்னா, பின்னாடிப் பல்லுல பெரிய வெள்ளி அடைப்பு இருக்குது, முன்னாடிப் பல்லு கன்னி கழியாத பல்லு, ஒரு கீறல் கெடயாது. அந்த நல்ல பல்லைச் செதுக்கறதுக்கு மனசு வரலீங்க, அதனால இம்ப்ளான்ட்டுன்னு முடிவு பண்ணினேன்.

இம்ப்ளான்ட் பத்தி ஒரு சின்னக் கதை. 1950கள்ல சுவீடன்ல பிரானெமார்க்னு ஒருத்தரு முயல் காலு எலும்புல டைட்டானியக் கூடு வச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காரு, முடிஞ்சதும் கழட்டப் பாத்தா வரவே இல்ல, எலும்பு அதோட ஒட்டி வளந்துருச்சு. 1965ல மொதமொதலா ஒரு மனுசன் தாடைல வச்சுப் பாத்தாரு. இன்னிக்கு நம்ம வாய்ல வைக்கறது அந்த முயல் வழி வந்ததுதான். ஏன் சொல்றேன்னா, இதுல வைத்தியம் பாதிதான் டாக்டர் கையில, மீதி நம்ம எலும்பு கையில. அது ஒட்டறதுக்கு கீழ் தாடைல மூணு மாசம், மேல அதுக்கும் மேல கூட ஆகும். மரத்துப் போக ஊசி போட்டுத்தான் பண்றாங்க, எனக்கு பல்லு பிடுங்கினதை விட வலி கம்மியாத்தான் இருந்துச்சு.

எலும்பு இருந்தாத்தான ஒட்டும். பல்லு பிடுங்கின மொத வருஷத்துலயே அந்த எடத்துல எலும்போட அகலம் பாதி வரைக்கும் கொறைஞ்சு போகலாம், அதனால வருஷக்கணக்கா ஓட்டையோட இருந்தவங்களுக்கு போன் கிராஃப்ட்னு, அதாவது எலும்பு வச்சு நிரப்பற வேலைக்குன்னு, தனிச் செலவு வரும், மொத சொன்ன ரேட்டுல அது இருக்காது. மேல் கடைவாய்னா சைனஸ், அதாவது மூக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள இருக்கற காத்து அறை, கீழ எறங்கி நிக்கும், அதைத் தூக்கி எலும்பு வைக்கற வேலை. கீழ்ன்னா உதட்டுக்குப் போற நரம்பு எலும்புக்குள்ள ஓடுது, அதுல ஸ்குரு பட்டா உதடும் தாடையும் மரத்தே கெடக்கும், சில பேருக்குத் திரும்பறதே இல்ல. நரம்புக்கு மேல குறைஞ்சது 2 மில்லிமீட்டராவது எடம் விடணும். தட்டையா எடுக்கற ஓபிஜி படத்துல எலும்போட உயரம்தான் தெரியும், அகலம் தெரியாது. முப்பரிமாணத்துல காட்டற சிபிசிடி ஸ்கேன் எடுக்காம நேரா நாளைக்கு வாங்க போட்டுரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. நான் போகல.

அப்புறம் சுவர் விளம்பரம், வாட்ஸப்பு எல்லாத்துலயும் வர்ற மூணே நாள்ல நிரந்தரப் பல்லு. அது வேற மாதிரி இம்ப்ளான்ட், நீட்டா இருக்கும், மேலாப்புல எலும்பு இல்லாதவங்களுக்கு அடில இருக்கற கெட்டி எலும்பைப் புடிக்கற மாதிரி போட்டு உடனே பல்லு மாட்டிருவாங்க. முழு வாய்க்கும் பல்லு இல்லாம, எலும்பும் கரைஞ்சு போனவங்களுக்கு டாக்டர் யோசிச்சுச் சொன்னா அது ஒரு கதை. ஒரு பல்லு ரெண்டு பல்லு போனவங்க மூணு நாளுங்கற வார்த்தைக்காகப் போறதும், இதுக்காக நல்லா இருக்கற பல்லையும் சேத்துப் பிடுங்கிக்கறதும் எனக்குச் சரியாப் படல. தென்னங்கன்னு வச்ச மூணாம் நாளு அதுல ஏணி சாத்துவமாங்க.

அம்மாவுக்கும் ஒண்ணு வைக்கலாமான்னு கேக்கப் போனப்பத்தான் இன்னொரு பெரிய விஷயம் தெரிஞ்சுது. அம்மாவுக்கு 66 வயசு, சக்கரை இருக்குது, எலும்புத் தேய்மானத்துக்குன்னு வருஷத்துக்கு ஒருக்கா ஊசி போடறாங்க. சக்கரை கட்டுக்குள்ள இருந்தா தாராளமா போடலாம், மூணு மாச சக்கரையோட சராசரியக் காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட்டு 7க்குள்ள இருந்தா நிம்மதின்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஊசிதான் வில்லங்கம். சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, வாரம் ஒருக்கா முழுங்கற அலெண்ட்ரோனேட் மாத்திரை, இதெல்லாம் எடுக்கறவங்களுக்கு பல்லு பிடுங்கினாலோ தாடைல ஓட்டை போட்டாலோ, அபூர்வமாத்தான்னாலும், புண்ணு ஆறாம தாடை எலும்பே அழுகற ஆபத்து உண்டு. எலும்பு டாக்டர்கிட்ட பேசாம தொட மாட்டேன்னுட்டாரு. எங்கம்மா அந்த ஊசியைப் பத்தி பல் டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல, பல்லுக்கும் முட்டிக்கும் என்னடா சம்பந்தம்ங்கறாங்க. நாந்தான் சீட்டைக் காட்டினேன். அதே மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, அதை எழுதிக் குடுத்தவரைக் கேக்காம நீங்களா நிறுத்திராதீங்க. பீடி, சிகரெட் ஊதறவங்களுக்கு எலும்பு ஒட்டாம போற வாய்ப்பு கூட. மூணு மாசத்துக்காவது விடறேன்னு சொல்ல முடியாத ஆளு அந்தக் காசைப் போடாம இருக்கலாம்.

இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராதுங்கறது நெசம். ஆனா ஈறு நோய் வரும், நம்ம பல்லுல வர்றதை விட சத்தமில்லாம வரும், வலியே இல்லாம சுத்தியிருக்கற எலும்பு கரைஞ்சு ஒரு நாளைக்கு ஸ்குரு ஆடும். 10 வருஷம் ஆனாலும் நூத்துக்கு 90க்கு மேல நிக்குதுன்னு சொல்றாங்களே, அதெல்லாம் ஒழுங்கா விளக்கி செக்கப் போறவங்களையும் சேத்த கணக்கு. அப்புறம் கேப்பை ஸ்குருல மாட்டறாங்களா, சிமெண்ட் வச்சு ஒட்டறாங்களான்னு கேளுங்க. சிமெண்ட்டு துளி உள்ள தங்குனா அதுவே ஈறைக் கெடுக்குமாம், ஸ்குருன்னா நாளைக்கு ஒரு பிரச்னைன்னா கழட்டிப் பாக்கலாம். நான் ஸ்குருதான் கேட்டேன்.

அக்கட்டயா இக்கட்டயா, அதாவது கேரளாப் பக்கமா நம்ம பக்கமாங்கறதுக்கு வர்றேன். பாலக்காட்டு டாக்டர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, பொறுமையா தமிழ்லயே பேசினாரு, 4,000 ரூவா கம்மி. ஆனா ஒப்புதல் பேப்பரு மலையாளத்துல இருந்துச்சு, எனக்குப் பேச வரும் படிக்க வராது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால படிச்சுச் சொல்ல மாமனைத்தான் கூட்டிட்டுப் போகணும். அதை விட, இது ஒரு நாள்ல முடியற வேலை இல்ல. ஸ்கேன், ஸ்குரு, தையல் பிரிக்க, மூடியத் தொறக்க, அளவெடுக்க, கேப் மாட்டன்னு பொள்ளாச்சிக்கே ஆறு தடவை போனேன், இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா செக்கப். ராத்திரி வீங்குனா யாரு கிட்டக்க இருக்காங்கறதுக்கு 4,000 கொடுக்கலாம். கோயமுத்தூர் 55,000த்தையும் அதே கணக்குல விட்டேன். விசாரிச்சுப் பாத்தப்ப நம்ம நாட்டுல இம்ப்ளான்ட்டுக்குன்னே தனியா எம்டிஎஸ்ங்கற பல் வைத்திய மேல்படிப்பு கெடயாதுன்னு தெரிஞ்சுது, ஈறு, பல்செட்டு, தாடை ஆபரேஷன்னு படிச்சவங்கதான் முக்காவாசி போடறாங்க, பிடிஎஸ்ங்கற மொதப் பட்டம் முடிச்சு தனியாப் பயிற்சி எடுத்தவங்களும் போடறாங்க. அதனால போர்டுல இருக்கற எழுத்தைப் பாக்காம, எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க, தோத்துப் போனா திரும்பப் போட யாரு காசுன்னு நேராவே கேட்டேன். பொள்ளாச்சி டாக்டர் கோவிச்சுக்கல. மூணு மாசத்துல ஒட்டாமப் போனா ஸ்குரு காசு வாங்க மாட்டேன், கேப்புக்கு மட்டும் தாங்கன்னு சீட்டுலயே எழுதிக் குடுத்தாரு.

சித்திரைல ஸ்குரு போட்டு, ஆவணில கேப் மாட்டியாச்சு. பின்னாடிப் பல்லு வெள்ளி அடைப்புக்கு இப்ப கேப் போடச் சொல்லிருக்காங்க, இந்தத் தடவை தேங்கா வெலையைப் பாக்கல. ஸ்குரு டப்பால ஒட்டியிருந்த ஸ்டிக்கரை, கம்பெனி பேரு, அளவு, லாட் நம்பர் எல்லாம் இருக்கறது, கேட்டு வாங்கிட்டேன். எட்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஸ்குரு லூசானா, இந்த ஸ்டிக்கர் இருந்தாத்தான் அங்க இருக்கற டாக்டருக்கு எந்தத் திருப்புளி எடுக்கறதுன்னு தெரியுமாம். பட்டா, சிட்டா வச்சிருக்கற பைலயே வச்சிருக்கேன்.